கோயிலை மடித்து எடுத்துப் போக முடியுமா?

2011ஆம் ஆண்டு இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், மதம் என்ற கட்டத்தில் 1,76,632 பேர் 'ஜெடாய்' என்று எழுதிக் கொடுத்தார்கள். 'ஸ்டார் வார்ஸ்' படங்களில் ஒளிவாள் சுழற்றும் வீரர்களின் மதம் அது. பாதி விளையாட்டு, பாதி வீம்பு. அதே கட்டத்தில் 'தாவோ' என்று எழுதியவர்கள் 4,144 பேர்தான். அப்போது அங்கே வாழ்ந்த சீன வம்சாவளியினரோ 3,93,141 பேர். ஏறத்தாழ ஈராயிரம் வயதான ஒரு மதம், ஒரு சினிமா மதத்திடம் நாற்பது மடங்குக்கு மேல் தோற்றுப்போனது.

கணக்கில் பொய்யில்லை, கேள்வியில்தான் கோளாறு. கடையில் குவான் கோங் என்ற தெய்வத்தின் படத்துக்கு ஊதுவத்தி, வீட்டில் மூதாதையர் பெயர்ப்பலகைக்குத் தேநீர், சாவுக்குப் பௌத்த பிட்சு, கல்யாணத்துக்குப் பஞ்சாங்கம் என்று வாழ்கிற குடும்பத்திடம் போய் 'ஒன்றை மட்டும் எழுது' என்றால் அது எதை எழுதும்? பலர் 'மதம் இல்லை' என்று எழுதிவிட்டு மறுபடி ஊதுவத்தி ஏற்றப் போயிருப்பார்கள். வேளாங்கண்ணியில் மொட்டை போட்டு, நாகூரில் பாத்தியா ஓதி, பழனிக்குக் காவடி எடுக்கும் தஞ்சாவூர்க்காரருக்கு இந்தச் சங்கடம் புரியும்.

மதத்தை எண்ணுவது சிரமமென்றால் கோயிலையாவது எண்ணலாமே. லண்டனுக்குப் பழைய கட்டடத்தில் புதிய கடவுளைக் குடிவைப்பது கைவந்த வேலை. பிரிக் லேனில் பிரெஞ்சு புராட்டஸ்டன்ட் அகதிகள் 1743இல் கட்டிய தேவாலயம், 1819இல் மெதடிஸ்ட்களின் கைக்கு வந்தது. 1898இல் யூதர்களின் ஜெப ஆலயமானது. 1976இலிருந்து பள்ளிவாசல். விம்பிள்டன் எஃப்ரா ரோட்டில் 1981இல் பிள்ளையார் வந்து அமர்ந்தது ஒரு பழைய சர்ச் மண்டபத்தில். மேற்கு ஈலிங்கில் கனகதுர்க்கை அம்மன் குடியிருக்கும் தெருவுக்குப் பெயரே சாப்பல் ரோடு. மேனர் பார்க் முருகனின் முகவரி சர்ச் ரோடு. ஹைகேட் முருகன் மட்டும் தன் குணத்துக்கேற்ப மேடு பார்த்து ஆர்ச்வே ரோட்டில் இடம் பிடித்துக்கொண்டார்.

சீனர்களின் புத்தருக்கும் லண்டனில் நல்ல இடம் கிடைத்திருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்டின் கூட்டத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, மார்கரெட் ஸ்ட்ரீட்டில், விக்டோரியா காலத்து தேவாலயக் கட்டடக் கலைஞர் வில்லியம் பட்டர்ஃபீல்டு வடிவமைத்த செங்கல் கட்டடம் ஒன்றில் ஃபோ குவாங் ஷான் பௌத்தக் கோயில் இயங்குகிறது. தாவோ மதத்துக்கு மட்டும், இதோ என்று கைகாட்டும்படியான பெரிய கோயில் எதுவும் லண்டனில் எழும்பவில்லை. சைனா டவுன் இருக்கிறது, வளைவு இருக்கிறது, வாத்து வறுவல் தொங்குகிறது. தெய்வங்கள் எங்கே?

அதற்கு முன், தாவோ கோயில் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிய வேண்டும். அதற்கு பெய்ஜிங் போவதே வழி.

பெய்ஜிங் நகரின் மேற்கே உள்ள பாய்யுன் குவான், அதாவது வெண்மேகக் கோயில், எட்டாம் நூற்றாண்டு டாங் வம்சத்துக் காலத்தில் வேறு பெயரில் தொடங்கியது. எரிந்தது, எழுந்தது, மறுபடி சிதைந்தது. அதற்கு நிலையான புகழைக் கொடுத்தவர் சியு சூஜி (1148–1227) என்ற துறவி. சாகாமருந்து கேட்டுக் கூப்பிட்டனுப்பிய செங்கிஸ்கானைப் பார்க்க, எழுபது வயதைத் தாண்டிய இந்தக் கிழவர் பாலைவனமும் மலையும் கடந்து, 1222இல் இந்துகுஷ் பகுதியில் இருந்த முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார். உயிரைப் பேணும் வழிகள் உண்டு, சாகாமருந்து கிடையாது என்று உலகத்தையே நடுங்கவைத்தவனிடம் நேராகச் சொன்னார். தலை தப்பியது மட்டுமல்ல, வரிவிலக்கும் கிடைத்தது. திரும்பி வந்து தங்கிய இடத்திலேயே அவர் அடக்கமானார். இன்று சீனத் தாவோ சங்கத்தின் தலைமையகமும் அங்கேதான். 1957இல் அமைந்த சங்கம் அது.

கோயில் தெற்கு பார்த்தது. சீனப் பேரரசன் தெற்கு நோக்கி அமர்வான்; தெய்வமும் அப்படியே. நம் கோயில்கள் கிழக்கில் உதிக்கும் சூரியனுக்கு வாசல் வைக்கும். அவர்கள் கோயில் சிம்மாசனத்தின் திசைக்கு வாசல் வைக்கிறது. தெற்கே அலங்கார வளைவு. அடுத்து மூன்று வாயில்கள் கொண்ட மலைவாசல். அதன் கல் வளைவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு குரங்கு செதுக்கப்பட்டிருக்கிறது. வருகிறவர்கள் தொட்டுத் தொட்டு அது முகமே தெரியாமல் வழவழப்பாகிவிட்டது. உள்ளே சிறு கல் பாலம் ஒன்று. பக்கத்தில் மேற்குக்காற்று என்ற பெயரில் பௌத்தர்கள் ஒரு கோயில் கட்டினார்களாம், வெண்மேகத்தைக் காற்று கலைத்துவிடும் என்ற கணக்கில். பதிலுக்குத் தாவோயிஸ்ட்கள் காற்றை மடக்கிவைக்கும் பாலம் கட்டினார்களாம். சைவமும் வைணவமும் தலபுராணங்களில் போட்ட சண்டைக்கு இது சளைத்ததல்ல. புத்தாண்டுத் திருவிழாவில் ஜனங்கள் அந்தப் பாலத்தடியில் தொங்கும் மணியைக் காசு வீசி அடிக்கிறார்கள். பட்டால் அந்த ஆண்டு யோகம்.

பாலம் தாண்டினால் காவல் தெய்வம் வாங் லிங்குவான்: சிவந்த முகம், நெற்றியில் மூன்றாம் கண், கையில் இரும்புச் சாட்டை. அவருக்கு வடக்கே வானுலகை ஆளும் பச்சைமணிப் பேரரசர். இன்னும் வடக்கே ஏழு குருமார். அதற்கும் அப்பால் சியு சூஜியின் மண்டபம். நடுவில் மரத்தின் பெரிய முண்டைக் குடைந்து செய்த ராட்சதக் கிண்ணம், அதன் கீழே அவர் அடக்கம். துறவிகள் பசியால் வாடினால் இந்தக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அரண்மனைக்கு வரலாம் என்று பேரரசர் ஒருவர் கொடுத்ததாக வழக்கு. கடைசியில் இரண்டு மாடி. கீழே நான்கு வான்வேந்தர்கள். மேலே மூன்று தூயவர்கள், எல்லாவற்றுக்கும் மூலம்.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. வானத்தையே ஆளும் பேரரசர் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறார். அவருக்கும் மேலானவர்கள் எளிதில் போக முடியாத உள்மாடியில். கலெக்டர் ஆபீசுக்குப் போனவருக்கு இந்த வரிசை பழக்கமானது: முதலில் வாட்ச்மேன், பிறகு கவுன்டர், அப்புறம் பெரியவர், முடிவெடுக்கிறவர் மாடியில். இது வெறும் வேடிக்கைக்குச் சொல்வதுமில்லை. தாவோ சடங்கின் நடுவேலையே மனு எழுதுவதுதான். பூசாரி முறைப்படி விண்ணப்பம் எழுதி, ஊர், பெயர், தேதி குறித்து, முத்திரை குத்தி, எரித்து மேலே அனுப்புகிறார். இரண்டாம் நூற்றாண்டில் சிச்சுவானில் தொடங்கிய வானகுருமார் இயக்கத்தில், நோயாளி தன் குற்றங்களை ஒப்புக்கொண்டு எழுதும் மனுவுக்கு மூன்று பிரதிகள். வானத்து அதிகாரிக்கு ஒன்று, அதை மலைமேல் வைப்பார்கள். பூமிக்கு ஒன்று, மண்ணில் புதைப்பார்கள். நீருக்கு ஒன்று, ஆற்றில் அமிழ்த்துவார்கள். மூன்று பிரதி கேட்கும் வழக்கம் நம் தாலுகா ஆபீசில் பிறந்ததல்ல.

இப்படி அச்சுக்கோடு, அதிகார அடுக்கு, திசை என்று இறுகிய அமைப்பை லண்டனுக்குக் கொண்டு வருவது எப்படி? வடிவத்தை மட்டும் கொண்டுவரும் முயற்சி ஒன்று 250 ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது.

கியூ தோட்டத்தில் நிற்கும் பகோடா 1762இல் கட்டி முடிந்தது. கட்டியவர் வில்லியம் சேம்பர்ஸ். இளவயதில் ஸ்வீடிஷ் கிழக்கிந்திய கம்பெனிக் கப்பலில் கான்டனுக்குப் போய்வந்தவர். சீனக் கட்டடங்களைப் பற்றி 1757இல் படங்களோடு ஒரு நூலும் வெளியிட்டார். இளவரசி அகஸ்டாவுக்காக அவர் எழுப்பிய இந்த எண்கோண கோபுரம் 163 அடி உயரம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தோடு பக்கத்தில் வைத்தால் ஐம்பது அடிக்கு மேல் குட்டை, ஆனால் அன்றைய லண்டன் அசந்துபோனது. பத்து அடுக்குக் கூரை, கூரைக்கு எட்டு மூலை, ஆக 80 மர டிராகன்கள். சேம்பர்ஸ் கோட்டைவிட்டது ஒன்றில்தான். சீனாவில் பகோடா அடுக்குகள் ஒற்றைப்படையில் வரும், ஏழு, ஒன்பது என்று. கியூவில் பத்து. டிராகன்களை 1784இல் கூரைப் பழுதுக்காக இறக்கினார்கள், மறுபடி அவை ஏறவே இல்லை. 2018இல் முடிந்த திருப்பணியில் புதிய டிராகன்கள் வந்தன: கீழ்க் கூரையில் எட்டு மட்டும் கையால் செதுக்கிய மரம், மீதி 72 முப்பரிமாண அச்சில் எடுத்த நைலான். உள்ளே 253 படிகள் ஏறிப் போனால் மேலே நல்ல காட்சி கிடைக்கும்.

காட்சி மட்டும்தான். பகோடா தாவோ வடிவமே அல்ல. பௌத்தர்கள் புனித எச்சங்களை வைக்க எழுப்பியது. கியூவில் எச்சமும் இல்லை, விளக்கும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் அதன் தளங்களில் துளை போட்டுப் புகைக்குண்டுகள் விழும் விதத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்தக் கட்டடத்துக்குள் புகை வந்தது அதற்காகத்தான்.

அடுத்து வந்தவர்கள் மனிதர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்களில் நிலக்கரி அள்ளவும் துணி துவைக்கவும் எடுத்த சீன மாலுமிகள் கிழக்கு லண்டன் துறைமுகத்தில் இறங்கி, லைம்ஹவுஸ் காஸ்வே, பென்னிஃபீல்ட்ஸ் தெருக்களில் தங்கினார்கள். பக்கத்தில் வெஸ்ட் இண்டியா டாக் ரோட்டில், ஆசியர்களுக்கும் ஆப்பிரிக்கர்களுக்குமான அயலார் விடுதி 1857இலிருந்து இருந்தது. லாஸ்கர்கள் என்று அழைக்கப்பட்ட நம் மாலுமிகள் படுத்துறங்கிய விடுதி. அந்த வட்டாரத்தில் மிங் ஸ்ட்ரீட், கான்டன் ஸ்ட்ரீட், பெகின் ஸ்ட்ரீட் என்று பெயர்ப்பலகைகள் இன்றும் உண்டு. 1913இல் சாக்ஸ் ரோமர் எழுதிய ஃபூ மாஞ்சூ கதைகள் அந்தத் தெருக்களை அபினியும் சதியும் நிறைந்த குகையாகக் காட்டி நன்றாகக் காசு பார்த்தன. உண்மையில் அங்கே இருந்தவை சலவைக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் தங்கும் அறைகளும். சில நூறு பேர், பெரும்பாலும் தனி ஆண்கள், அடுத்த கப்பலுக்குக் காத்திருப்பவர்கள்.

சிங்கப்பூரின் தெலோக் ஆயர் தெருவில் கதை வேறு. கடல் தாண்டி வந்த ஹொக்கியன் சீனர்கள் கரையோரத்தில் கடலம்மை மாசுவுக்குத் தியான் ஹொக் கெங் கோயிலை எழுப்பினார்கள். 1842இல் அது நிறைவடைந்தபோது, சில அடி தள்ளி நம் கடற்கரைத் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய நாகூர் தர்கா ஏற்கெனவே நின்றிருந்தது. மாசுவும் கடலில் காப்பவள், நாகூர் ஆண்டவரும் கடலில் காப்பவர். இரு கூட்டமும் கரையில் கால் வைத்ததும் செய்தது ஒரே வேலை. லைம்ஹவுஸ் மாலுமிகளிடம் பக்தி குறைவாக இருந்தது என்று சொல்ல முடியாது. சிங்கப்பூரில் பணக்கார வணிகரும் குடும்பமும் வந்தார்கள், ஊர் நிலைத்தது, சபை அமைந்தது, கணக்குப்பிள்ளை வந்தார். லைம்ஹவுஸில் ஊரே அமையவில்லை. ஜெர்மன் குண்டும் பிறகு குடிசைமாற்றுத் திட்டமும் இருந்ததையும் கலைத்தன. ஹாங்காங்கிலிருந்து வந்தவர்கள் 1950, 60களில் ஜெரார்டு ஸ்ட்ரீட்டில் உணவகம் போட்டபோது சைனா டவுன் மேற்கே இடம் மாறியது.

புத்தகங்கள் மட்டும் கோயிலைப் போல் தயங்கவில்லை. அவை பெட்டி பெட்டியாக வந்தன.

சீனாவின் மேற்கு எல்லையில் துன்ஹுவாங் பௌத்தக் குகைகளைக் காத்துக்கொண்டிருந்தவர் ஒரு தாவோயிஸ்ட், வாங் யுவான்லு. யாரும் அவரை நியமிக்கவில்லை. பாழடைந்த இடத்தைப் பார்த்து மனம் பொறுக்காமல் துடைப்பமும் உண்டியலுமாக உட்கார்ந்தவர். 1900இல் ஒரு குகைச் சுவருக்குப் பின்னால் ஆயிரமாண்டுச் சுவடிகள் அடைபட்டிருந்த அறையைக் கண்டார். 1907இல் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து வந்த ஆரல் ஸ்டெய்ன், வாங்குக்கு யுவான் சுவாங் மேல் உயிர் என்று தெரிந்துகொண்டு, தானும் அந்த மகான் போன வழியில் இந்தியாவிலிருந்து வருபவன் என்று பேச்சுக் கொடுத்தார். நம் காஞ்சிபுரத்துக்கும் வந்துபோன அதே யுவான் சுவாங். திருப்பணிக்கு நன்கொடை என்ற பெயரில் சிறு தொகை கைமாறியது. சுவடிகளும் ஓவியங்களும் லண்டன் போய்ச் சேர்ந்தன. பௌத்தத் துறவியை வணங்கிய தாவோயிஸ்ட், பௌத்தச் சுவடியை விற்றுக் கோயில் வேலை பார்த்தார். அவர் அங்கே கட்டிய தாவோ கோயிலில்தான் இன்று அந்தச் சுவடி அறையின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம் இருக்கிறது. சீனாவில் பலர் அவரைத் துரோகி என்கிறார்கள். துடைப்பம் பிடித்தவரைத் திட்டுவது எளிது. பெட்டி கட்டியவருக்கு அரசர் 'சர்' பட்டம் கொடுத்தார்.

அந்தப் பெட்டிகளில் வந்த ஒரு சுருள், எஸ். 6825 என்ற எண்ணோடு இப்போது செயின்ட் பங்க்ரஸ் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. தாவோ மரபின் ஆதிகுருவான லாவோ ட்சுவின் நூலுக்கு வானகுருமார் இயக்கத்தார் செய்த 'சியாங்-அர்' உரை. வேறெங்கும் முழுமையாகத் தப்பாத அந்த உரையின் பாதியளவு லண்டனில் கிடக்கிறது. அந்த உரை ஒரு விஷயத்தில் கறாரானது: தாவோவுக்கு இந்த உருவம், இந்த உடை, இந்த உயரம் என்று சொல்லித் தியானிப்பவர்கள் போலிகள். ஐந்தாம் நூற்றாண்டில் லூ சியுஜிங் என்ற குரு, வீட்டில் வழிபடும் அறை எப்படி இருக்க வேண்டும் என்று சட்டம் எழுதினார். ஊதுவத்திக் கலசம், விளக்கு, மனு எழுத மேசை, எழுத்துக் கத்தி. நான்கே பொருள், ஐந்தாவது கூடாது. சிலை, கொடி, திரை என்று அடைத்துவைப்பவர்களை அவர் கண்டித்தார்.

லண்டனில் தாவோ கோயிலைத் தேடுவோர் தவறவிடுவது இங்கேதான். பெய்ஜிங்கின் மண்டப வரிசையைத் தேடுகிறார்கள். அந்த மண்டபங்களெல்லாம் பிறகு வளர்ந்தவை. பௌத்த மடங்களைப் பார்த்து, அரண்மனையைப் பார்த்து, அரசனின் கொடையால் வளர்ந்தவை. ஆதியில் இருந்தது வெறும் அறை. வாடகை எகிறும் ஊரில் ஓர் அறைக் குடியிருப்பில் முடங்குகிறவருக்கு லூ சியுஜிங்கின் பட்டியல் தாராளம்.

வளர்ந்த பின்னும் தாவோ மதம் அந்தப் பழைய குணத்தை விடவில்லை. தென் தைவானில் ஊர்ச் சடங்கு நடக்கும்போது பூசாரி ஓவியச் சுருள்களைக் கொண்டுவந்து, வடக்கே மூன்று தூயவர்களை மாட்டி, இருபுறமும் மற்றவர்களைத் தொங்கவிட்டு, ஊர்த் தெய்வத்தின் சிலையையே எதிர்ப்புறம் நகர்த்தி விருந்தாளியாக நிறுத்துகிறார். மூன்று நாளோ ஐந்து நாளோ அந்த இடம் முழு வானுலகம். முடிந்ததும் சுருட்டிப் பெட்டிக்குள். 1960களில் தைனானில் தங்கி, தாமே பூசாரியாகத் தீட்சை பெற்ற டச்சு அறிஞர் கிறிஸ்டஃபர் ஷிப்பர் இதைக் கிட்டத்தில் இருந்து பார்த்து எழுதியவர். கோயிலின் உயிர் கட்டடத்தில் இல்லை, ஊதுவத்திக் கலசத்தில் இருக்கிறது என்பது அவர் எழுத்தில் பளிச்சென்று தெரியும். புதிய ஊரில் கோயில் தொடங்க வேண்டுமா? தாய்க்கோயில் கலசத்திலிருந்து சாம்பல் எடுத்துச் சிவப்புப் பையில் கட்டிக்கொண்டு போனால் போதும். ஆண்டுக்கொருமுறை தாய்க்கோயிலுக்குத் திரும்பி வந்து அந்தச் சாம்பலைப் புதுப்பிப்பார்கள்.

நெல்லைச் சீமைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிழைக்கப் போன இடத்தில் சுடலைமாடனுக்கோ சாஸ்தாவுக்கோ நிலையம் போட வேண்டுமென்றால் தாய்க்கோயிலிலிருந்து பிடிமண் எடுத்து வருகிறார்கள். ஆகமக் கோயிலும் இந்த நெகிழ்வை அறியாததல்ல. திருப்பணி நடக்கும்போது பாலாலயம் செய்து, மூலவரின் சக்தியைக் கும்பத்துக்கோ மரப்பலகைக்கோ மாற்றி, பக்கத்து அறையில் பூசை நடத்துவார்கள். கருவறை அந்த மாதங்களில் கொத்தனாரும் சித்தாளும் நடமாடும் இடம். கல்லில் இருப்பவர் தண்ணீருக்குப் போய்த் திரும்பி வரக்கூடியவர் என்று ஒப்புக்கொண்ட பிறகு, விம்பிள்டன் சர்ச் மண்டபத்துக்கு வருவதில் என்ன தடை?

இன்னொரு படி போனவர்களும் உண்டு. அதே வெண்மேகக் கோயிலில் 1886இல் நிறுவிய கல்வெட்டுப் படம் ஒன்று இருக்கிறது. பக்கவாட்டில் உட்கார்ந்த மனித உடல், ஆனால் தோலும் எலும்பும் தெரியாது. தலை மலைத்தொடர். முதுகெலும்பு அருவிபோல் வளைந்து ஏறும் ஆறு. அடியில் ஒரு பையனும் பெண்ணும் சக்கரம் மிதித்து நீரை மேலே ஏற்றுகிறார்கள். வயிற்றில் ஒருவன் மாடு பூட்டி உழுகிறான், அதற்கு மேல் ஒருத்தி ராட்டை சுற்றுகிறாள், நெஞ்சில் ஒரு சிறுவன் நட்சத்திரங்களைக் கோக்கிறான். கோயிலுக்குள் இருக்கும் இந்தப் படம், கோயில் உனக்குள் இருக்கிறது என்கிறது. சியாங்-அர் உரைகாரரிடம் காட்டியிருந்தால் முகம் சுளித்திருப்பார். திருமூலர் சுளித்திருக்கமாட்டார். சிதம்பரம் பொன்னம்பலத்துக் கூரையின் 21,600 ஓடுகள் ஒரு நாளின் மூச்சுகள் என்ற மரபுக்கு இது அண்ணன் தம்பி முறை. இங்கே போகரை இழுத்து, அவர் சீனா போனார், சீனாவிலிருந்து வந்தார் என்று முடிச்சுப் போட ஆசை வரும். கதைக்கு நல்லது, வரலாற்றுக்குப் போதாது.

சியு சூஜியும் ஒரு வகையில் லண்டனுக்கு வந்தவர்தான். அவருடைய பயணத்தைச் சீடர் எழுதிய குறிப்பை, பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலை பார்த்த ஆர்தர் வேலி 1931இல் ஆங்கிலத்தில் தந்தார். 'ஒரு ரசவாதியின் பயணங்கள்' என்பது தலைப்பு. ஸ்டெய்ன் கொண்டுவந்த ஓவியங்களுக்கு அட்டவணை போட்டவரும் வேலியே. வாழ்நாளில் ஒருமுறையும் சீனா போகாதவர். 1966இல் ஹைகேட்டில் காலமானார். முருகன் அந்த மேட்டுக்கு வந்தது அதற்குப் பிறகு. சியு சூஜியின் வழி வந்த 'டிராகன் வாசல்' மரபில் தீட்சை பெற்ற ஆங்கிலேயர்களும் இன்று பிரிட்டனில் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு முதலில் கையில் கிடைத்தது சாம்பலல்ல, புத்தகம்.

சீனர்களுக்கு அது தலைகீழ். ஜெரார்டு ஸ்ட்ரீட் பக்கத்துக் கடைகளில் கல்லாவுக்கு மேலே கண்ணை உயர்த்தினால் சிவந்த முகமும் நீண்ட தாடியுமாகக் குவான் கோங்கைப் பார்க்கலாம். மூன்றாம் நூற்றாண்டுப் போர்வீரர். சொன்ன சொல் தவறாதவர் என்பதால் வியாபாரிகளுக்கும் போலீஸ்காரர்களுக்கும் ஒருசேரக் குலதெய்வம் ஆனவர். கண்ணைத் தாழ்த்தினால் தரையோடு தரையாக ஒரு சிவப்புப் பெட்டி. உள்ளே பொன்னெழுத்துப் பலகை, இரண்டு சிவப்பு விளக்கு, மூன்று சிறு கிண்ணத்தில் தேநீர், ஆரஞ்சுப் பழம். நிலத்தின் தெய்வம். மேசைமேல் வைத்தால் தப்பு, மண்ணைத் தொட்டு இருக்க வேண்டியவர். தாவோ வானுலகின் கிராம நிர்வாக அலுவலர் என்று வைத்துக்கொண்டால் பிழையில்லை. அந்தந்த இடத்துப் பிறப்பு, இறப்பு, குடிவரவு எல்லாம் அவர் பதிவேட்டில்.

எந்த இடத்து மண் அது? வெஸ்ட்மின்ஸ்டர் மாநகராட்சி எல்லைக்குள் உள்ள மண். மலேசிய, சிங்கப்பூர்ச் சீனர்கள் இந்தச் சிக்கலைப் பலகையிலேயே தீர்த்தார்கள். சீன நாட்டு நிலக்கிழாருக்கும் அயல்நாட்டு நிலக்கிழாருக்கும் சேர்த்து ஒரே பலகை. இன்னும் ஒருபடி போய், மலாய் மண்ணின் காவலரை 'தாத்தோ' என்று பெயரிட்டு, சொங்கோக் தொப்பி வைத்து, பன்றிக்கறி படைக்காமல் வணங்குகிறார்கள். உள்ளூர்த் தெய்வத்தை விரட்டாமல் அதனிடம் அனுமதி கேட்டு உட்காருவது அவர்கள் முறை. லண்டன் மண்ணுக்கு உரிய தெய்வத்துக்கு யாரும் இன்னும் பவுலர் தொப்பி போடவில்லை.

அப்படியானால் பெரிய கோயிலே வேண்டாமா? ஈலிங் தேர்த்திருவிழாவைப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். ஆகஸ்டில் அம்மன் தேரேறி மேற்கு ஈலிங் தெருக்களில் வரும்போது, தேங்காய் உடைபடும் சத்தமும் நாதஸ்வரமும் அங்கப்பிரதட்சணமும் ஓர் அறைக்குள் அடங்குபவை அல்ல. ஊர் கூடினால்தான் தேர். போரில் சிதறி வந்த ஈழத்தமிழர்களுக்குக் கருவறையைப் போலவே சோறு போடும் மண்டபமும், பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரும் அறையும், ஊர்ச்செய்தி கேட்கும் வாசல்படியும் வேண்டியிருந்தன. சீனர்கள் அந்த வேலைகளைக் குடும்பப் பெயர்ச் சங்கத்துக்கும் உணவகத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சீனப் பள்ளிக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் தெய்வமும் ஆண்டுக்கொருமுறை தெருவுக்கு வரத்தான் செய்கிறது. புத்தாண்டில் சிங்க ஆட்டக்காரர்கள் கடை கடையாக வருவார்கள். வாசலில் கயிற்றில் கட்டித் தொங்கும் கீரைக்கட்டைச் சிங்கம் எம்பிக் கடித்து, இலையை உதறித் துப்பி, உள்ளே இருக்கும் சிவப்பு உறையைக் கவ்விக்கொண்டு போகும். ட்ராஃபல்கர் சதுக்க மேடைக்கு எதிரே கூடும் கூட்டம் இதைக் கலை நிகழ்ச்சி என்று கைதட்டுகிறது. கடைக்காரர் அதற்குள் ஓர் ஊதுவத்தியை ஏற்றியிருப்பார்.

மடித்து எடுத்து வந்த கோயிலுக்கு இப்போது வில்லங்கம் புகையில்தான். லண்டன் அடுக்கக வீட்டின் புகை எச்சரிக்கைக் கருவிக்கு மீன் வறுவலும் ஒன்றுதான், மூன்று தூயவர்களுக்கு ஏற்றிய ஊதுவத்தியும் ஒன்றுதான். இது அயல்நாட்டார் படும் பாடு என்று நினைத்தால், தைப்பேயின் புகழ்பெற்ற சிங்தியன் கோயில், குவான் கோங்குக்கே உரிய கோயில், 2014 ஆகஸ்டில் காற்று மாசைக் கருதித் தன் ஊதுவத்திக் கலசங்களை அகற்றிவிட்டது. கையைக் கூப்பினால் போதும் என்றார்கள். லூ சியுஜிங் விட்டுவைத்த நான்கு பொருள்களில் முதலாவதே அந்தக் கலசம். லண்டன் கடைகளின் தரைப்பெட்டிகளில் ஊதுவத்தி வடிவில் சிவப்பு முனையோடு எரியும் மின்விளக்குகள் எப்போதோ வந்துவிட்டன. சுத்தம், ஆபத்து இல்லை, இரவிலும் அணையாது. சாம்பல் மட்டும் விழாது. மகன் மான்செஸ்டரில் தனிக்கடை போடும்போது சிவப்புப் பையில் கட்டிக் கொடுக்க ஒன்றும் இருக்காது. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் நிஜ ஊதுவத்தி, மற்ற நாள்களில் பல்பு என்று சமாளிப்பவர்கள் உண்டு. அந்த இரண்டு நாளும் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டியிருக்கும், ஜனவரியானாலும்.